ஓட்டிப் பார்க்காதவன் எழுதிய ஒப்பீடு

வியாழக்கிழமை சாயங்காலம் பழைய கார் சங்கக் கூட்டத்தில் எல்லார் கையிலும் ஒரு தாள் வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள், கலர் படங்கள். இடது பக்கம் ஐலி ரவுட்டியோவின் 1930ஆம் வருஷத்து ஃபோர்டு மாடல் ஏ பிக்கப். வலது பக்கம் வெண்டல் ஹோஸ்கிங்கின் 1970ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் 442. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. தலைக்கு மேல், "நாற்பதே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!"

ஐலி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். ஃபோர்டு: நாலு சிலிண்டர், நாற்பது குதிரைத்திறன். ஓல்ட்ஸ்: எட்டு சிலிண்டர், முன்னூற்று அறுபத்தைந்து. ஃபோர்டுக்கு மூன்று கியர், ஓல்ட்ஸுக்கு நாலு. ஃபோர்டில் பிரேக்கை மிதித்தால் கம்பிகள் இழுக்கும். ஓல்ட்ஸில் எண்ணெய் அழுத்தமும் டிஸ்க்கும். எல்லாம் சரிதான், ஒன்றும் பொய்யில்லை. கடைசி வரிக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. "எதற்கு உகந்தது?" என்று ஒரு கேள்வி. ஓல்ட்ஸுக்கு நேரே, "ஓட்டி அனுபவிக்க." ஃபோர்டுக்கு நேரே, "பார்க்க மட்டும்."

போன செவ்வாய்க்கிழமைதான் அந்த ஃபோர்டில் பின்பக்கத் தொட்டி நிறைய பிர்ச் மர விறகு ஏற்றி ஒன்பது மைல் ஓட்டி வந்திருந்தாள் அவள்.

வெண்டல் எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். ஆறு வருஷமாக அவன்தான் சங்கத் தலைவர். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஐலிக்குப் புருஷன். விவாகரத்தாகிப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவீனா தீபகற்பத்தில் ஆட்கள் குறைவு, பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைவிடக் குறைவு. அதனால் விவாகரத்தானவர்களும் ஒரே மண்டபத்தில், ஒரே ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு உட்கார வேண்டியதுதான்.

"இந்த வருஷம் ஊர்வலத்துல ஒரு சின்ன மாத்தம்" என்றான் வெண்டல். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டுக்கு முந்தின வண்டிங்க எல்லாம் டிரெய்லர்ல ஏறி மலைக்கு வரும். மேல இறக்கி வச்சுக் காட்டலாம். ரோட்டுல சொந்தமா ஓடி வர வேண்டாம். போன வருஷம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது. சொல்லு" என்றாள் ஐலி.

"முப்பத்தோரு வண்டி, ஐலி. முப்பத்தோரு வண்டியும் உன் முதுகுக்குப் பின்னாடி நத்தை மாதிரி ஊர்ந்துச்சு."

"நாலு இடத்துல ஒதுங்கி வழி விட்டேன். நாலு தடவையிலயும் சேத்து என்னைத் தாண்டிப் போனவன் நீ ஒருத்தன்தான். மத்தவங்க ஏன் பின்னாடியே வந்தாங்கன்னு அவங்களையே கேளேன்."

பின்வரிசையில் இருந்த டோலோரஸ் ஸ்டிமாக் வாயைத் திறந்தாள். "எனக்கு நல்லாத்தான் இருந்துச்சுப்பா. ரோட்டோரமா திம்பிள்பெரி பழுத்துக் கிடந்ததெல்லாம் அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு."

மண்டபம் சிரித்தது. வெண்டல் சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னான். பத்தொன்பது பேர் தூக்கினார்கள், எதிராக ஆறு பேர். டோலோரஸின் கணவர் மெர்விடம் 1936 செவர்லே ஒன்று இருந்தது. அவர் கையும் பத்தொன்பதில் ஒன்றாக மேலே போனது. டோலோரஸ் அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கை பாதியில் இறங்கியது. ஆனால் எண்ணி முடித்துவிட்டார்கள்.

"சரி. ஆனா நான் ஓட்டிக்கிட்டுதான் வருவேன்" என்றாள் ஐலி.

"அப்ப உனக்கு ஊர்வல ஸ்டிக்கர் கிடையாது."

"ஸ்டிக்கர் போட்டாவா வண்டி ஓடுது? பெட்ரோல் போட்டாத்தானே ஓடுது?"

"இது சங்கத்து ஊர்வலம், ஐலி!"

"இருக்கட்டும். ரோடும் சங்கத்தோடதா? அந்த மலை ரோட்டை இருபத்தாறு வருஷம் நான் திறந்து விட்டிருக்கேன். என்னை எங்க நிறுத்துவேன்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

வெண்டல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். ஐலி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டிய முதல் பெண் அவள். இருபது டன் லாரி, முன்னால் பன்னிரண்டடிக் கலப்பை. கண்ணுக்கெதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாத காலைகளில், பள்ளிக்கூடப் பேருந்து வருவதற்குள் வளைவு எங்கே, பள்ளம் எங்கே என்று மனக்கணக்கிலேயே ஓட்டியவள். வசந்தத்தில் மலைச்சாலையில் ஆளுயரம் இறுகிக் கிடக்கும் பனியை வெட்டி முதலில் மேலே போய்ச் சேருவதும் அவளுடைய லாரிதான்.

ஆனால் அவள் வீட்டிலேயே ஒரு வண்டி நின்றது. அதை மட்டும் அவள் ஓட்டியதில்லை.

கல்யாணமான வருஷமே வெண்டல் அந்த ஓல்ட்ஸ்மொபீலை வாங்கி வந்தான். ரத்தச் சிவப்பு, பானெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டை. ஊரே வந்து பார்த்தது. ஐலிக்கும் அதன் மேல் ஆசைதான். அதை அவள் மறைக்கவுமில்லை. "சாவியைக் குடு, கடை வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று முதல் வாரமே கேட்டாள். "கிளட்ச் ரொம்ப கனம், உன் காலுக்குத் தாங்காது" என்றான். அப்புறம் கேட்டபோது, என்ஜின் இன்னும் சூடாகவில்லை. இன்னொரு தடவை, மழை வரும் போலிருந்தது. அவள் லாரி ஓட்டும் வேலையில் சேர்ந்த பிறகும் அதே பேச்சுதான். பகலெல்லாம் இருபது டன்னை மிதித்துவிட்டு வருகிறவளிடம், "கிளட்ச் கனம்" என்று சிரிக்காமல் சொல்வான். சாவி எப்போதும் அவன் பேன்ட் பையில். குளிக்கப் போகும்போதுகூட ஆணியில் மாட்ட மாட்டான்.

இருபத்திரண்டு வருஷம் அவள் அதில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனாள்.

அவர்கள் பிரிந்ததற்குக் காரணம் கார் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். கார் இல்லை, எல்லா விஷயத்திலும் சாவி ஒரே பையில் இருந்ததுதான். பிரிந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த ஃபோர்டு பிக்கப்பை அவள் வாங்கினாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே பிரித்து, தானே பூட்டினாள். பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. பழைய பச்சை எங்கே உரிந்திருந்ததோ அங்கே உரிந்தபடியே விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முப்பது சொச்சம் வண்டிகள் மண்டபத்துக்கு முன்னால் வரிசை கட்டின. ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. ஐலி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். ஆரஞ்சுக் கொடியோடு கார்ல் பெல்டோ ஓடி வந்தார். நல்ல மனிதர், யாரிடமும் சண்டை போடத் தெரியாதவர்.

"ஐலி, உன்னை விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நீ விட வேண்டாம் கார்ல். நானே போய்க்கறேன்."

"நான் கொடியை வச்சு மறிக்கணுமாம்."

"மறி. உன் கடமை அது. கொஞ்சம் ஓரமா நின்னு மறி, காலு மேல ஏத்திடப் போறேன்."

கார்ல் ஓரமாக நின்று, கொடியை நீட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் மெர்வ் ஸ்டிமாக்கின் டிரெய்லரில், நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டிய செவர்லே நின்றது. ஏதோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற மாதிரி இருந்தது. மெர்வ் அவள் கண்ணைப் பார்க்காமல் பட்டையை இறுக்கினார். டோலோரஸ் மட்டும் ஜன்னல் வழியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

மலை ஏற ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அவள் எப்போதும் போல் ஒதுங்குமிடம் ஒவ்வொன்றிலும் ஒதுங்கி, சுற்றுலாக்காரர்களின் வண்டிகளுக்கு வழி விட்டாள். செங்குத்தான இடங்களில் இரண்டாம் கியர், மிகச் செங்குத்தில் முதல் கியர். என்ஜின் தையல் மிஷின் போல அலுக்காமல் தட்டிக்கொண்டே இருந்தது. கோபம் தணியட்டும் என்றுதான் மெதுவாகப் போனாள். கோபம் தணியவில்லை, கெட்டிப்பட்டது.

உச்சியில் எல்லாரும் இறங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சுடச்சுட பேஸ்டி, சுட்ட மாவு மடிப்புக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும். நடுவில் கயிறு கட்டி ஒரு மேடை. மேடையில் ஓல்ட்ஸ் பளபளவென்று நின்றது. பக்கத்தில் ஃபோர்டுக்கென்று ஓர் இடம் காலியாக இருந்தது. பின்னால் அந்தத் தாளையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, பலகையில் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். "பார்க்க மட்டும்" இப்போது ஓர் அடி நீளத்துக்கு இருந்தது.

ஐலி இறங்கி, கயிற்றை அவிழ்த்து, வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினாள். "தொடாதீர்கள்" என்ற அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஏறி உக்காரணும்னு ஆசைப்படறவங்க வந்து உக்காருங்க. ஹாரன் அடிச்சுப் பாருங்க. ஒடஞ்சா நான் சரி பண்ணிக்கறேன்" என்றாள்.

ஒரு நிமிஷத்தில் பிக்கப்பின் தொட்டியில் ஏழு பேர் ஏறிவிட்டார்கள். அவ்வூகா, அவ்வூகா என்று ஹாரன் மலை முழுக்கக் கேட்டது. வெண்டல் கையில் பாதிப் பேஸ்டியோடு வேகமாக வந்தான்.

"என்ன பண்ற நீ? ஓட்டிக்கிட்டு வரக் கூடாதுன்னு தீர்மானம் போட்டோமா இல்லையா?"

"போட்டீங்க. நானும் ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். ரெண்டும் நடந்து முடிஞ்சாச்சு. இப்ப எனக்கு ஒரு கேள்வி." அவள் பலகையைக் காட்டினாள். "இதை எழுதினது யாரு?"

"நான்தான். தப்பா ஏதாவது இருக்கா?"

"இந்த ஃபோர்டை நீ என்னிக்காவது ஓட்டியிருக்கியா?"

"இல்ல. எதுக்கு ஓட்டணும்? பாத்தாலே தெரியுதே."

"நான் உன் ஓல்ட்ஸை ஓட்டியிருக்கேனா?"

வெண்டல் ஓல்ட்ஸைத் திரும்பிப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் அந்தச் சாவிக் கதை தெரியும்.

"பதில் சொல்லுப்பா. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். ஒரு தடவையாவது ஓட்டியிருக்கேனா?"

"இல்ல."

"ஒண்ணை மட்டும் தெரிஞ்சவன் எழுதினா அதுக்குப் பேரு ஒப்பீடு இல்ல, வெண்டல். விளம்பரம்." அவள் கையை நீட்டினாள். "சாவியைக் குடு. நான் உன் வண்டியில துறைமுகம் வரைக்கும் இறங்கறேன். நீ என் வண்டியில வா. ஒன்பது மைல்தான். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து எழுதலாம்."

"ஐலி, அந்த கிளட்ச்..."

அவன் முடிக்கவில்லை. கார்ல் பெல்டோ, யாரிடமும் சண்டை போடாத கார்ல், தொண்டை கிழிய ஒரு சிரிப்புச் சிரித்தார். "வெண்டல், அந்தம்மா என் வீட்டு வாசல்ல பத்தடிப் பனியைத் தள்ளினவங்கய்யா! கிளட்சாம்!" அவ்வளவுதான், கூட்டமே சிரித்தது. டோலோரஸ் "குடுய்யா சாவியை!" என்று கத்தினாள். பின்னால் நாலைந்து பேர் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

வெண்டலின் காது சிவந்தது. பேன்ட் பைக்குள் போன கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சாவியை எடுத்து, அவள் கையில் வைக்காமல், ஓல்ட்ஸின் கூரை மேல் வைத்தான்.

"கீறல் விழுந்தா..."

"விழுந்தா நீ பாத்துக்குவ. உனக்குத்தான் நெறைய நேரம் இருக்கே" என்று எடுத்துக்கொண்டாள். அப்புறம், எரிச்சலை ஒதுக்கி வைத்துவிட்டு, லாரி ஓட்டுநர் இன்னொரு ஓட்டுநரிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். "கேட்டுக்கோ. இறக்கம் முழுக்க ரெண்டாம் கியர். நடுவுல மாத்தாத. மாத்தியே ஆகணும்னா கிளட்சை ரெண்டு தடவை மிதி, இல்லேன்னா பல்லு கத்தும். பிரேக்கை நம்பாத. நிக்கணும்னு தோணுறதுக்கு முன்னாடியே மிதி."

"எனக்கு ஓட்டத் தெரியும்."

"உன் வண்டியை ஓட்டத் தெரியும்."

ஓல்ட்ஸுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அதே தோல் வாசனை. ஆனால் ஸ்டீயரிங் இந்தப் பக்கம் இருந்தது. இத்தனை வருஷம் வலது பக்கத்திலிருந்தே பார்த்த முள்கள் எல்லாம் இப்போது நேராக அவளைப் பார்த்தன. இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். சாவியைத் திருகினாள்.

கிளட்ச் கனம்தான். கனமில்லை என்று சொல்ல முடியாது. அவள் லாரியின் கிளட்சில் பாதி இருக்கும்.

மலையில் அடக்கியே இறங்கினாள். வண்டி முணுமுணுத்துக்கொண்டு வந்தது. கீழே, காடு முடிந்து ஏரிக்கரைச் சாலை நேராக விரிகிற இடத்தில் முன்னும் பின்னும் ஈ காக்கைகூட இல்லை. மூன்றாம் கியரில் காலை அழுத்தினாள்.

பானெட்டுக்குள் என்னவோ வாயைத் திறந்தது. முதுகு இருக்கையில் போய் ஒட்டியது. பைன் மரங்கள் ஒரே பச்சைப் பட்டையாக ஓடின, இடது பக்கம் ஏரி நீலமாகச் சாய்ந்து நின்றது. அவள் தன்னை அறியாமல் "ஹா!" என்று கத்தினாள். நாலாம் கியர். கை ஸ்டீயரிங்கில் லேசாகத்தான் இருந்தது. நினைத்த இடத்துக்கு வண்டி போனது, மிதித்த இடத்தில் அடங்கியது. இந்த வண்டி நன்றாக இருக்காது, வெறும் சத்தமும் பெயிண்டும்தான் என்று பதின்மூன்று வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய். நன்றாக இருந்தது. அவள் வாழ்நாளில் ஓட்டிய எதைவிடவும் நன்றாக இருந்தது.

அப்போதுதான் அழுகை வந்தது. துக்கத்தில் வந்ததல்ல. இந்தச் சந்தோஷம் இருபத்திரண்டு வருஷமாக அவள் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில். அவளுக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது நின்றது. முப்பத்தைந்தில் நின்றது. ஒருத்தன் தன் பையில் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றான், அவ்வளவுதான் விஷயம். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றைப் பாட்டியின் ஃபின்னிஷ் மொழியில் சத்தமாகச் சொல்லிவிட்டு, மறுபடி அழுத்தினாள்.

துறைமுகத்துக்குத் திரும்பும் வளைவு வந்தது. அவள் திரும்பவில்லை. சாலை எங்கே முடிகிறதோ அங்கே வரைக்கும் போனாள், இன்னும் பன்னிரண்டு மைல். அங்கே இறங்கி, கல் கரையில் நின்று, தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

துறைமுகத்தில் எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஃபோர்டு ஒரு கொடிக்கம்பத்துக்கு ஐந்தடி முன்னால், கோணலாக நின்றிருந்தது. வெண்டல் அதன் படியில் உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து, முதல் காரியமாக ஓல்ட்ஸைச் சுற்றி ஒரு வலம் வந்தான். கீறல் இல்லை.

"எங்க போயிட்ட? போலீஸுக்குச் சொல்லலாமான்னு பாத்தேன்!"

"ரோடு முடியற வரைக்கும் போனேன்."

"துறைமுகம்னுதானே பேச்சு?"

"ஆமா. இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு மணி நேரம் அதிகமா எடுத்துக்கிட்டேன். நீ எப்படி வந்த?"

வெண்டல் முதுகில் ஒட்டிய சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற மெர்வ் சொன்னார், "மூணாவது வளைவுல ஒரு தடவை நின்னுட்டாரு. கியர் போட்ட சத்தம் கேட்டுக் காட்டுல இருந்த காக்கா எல்லாம் பறந்துடுச்சு."

"அந்த பிரேக்கை வச்சுக்கிட்டு நீ எப்படித்தான் வண்டியை நிறுத்தற?" என்றான் வெண்டல். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தான், ஸ்டீயரிங்கைப் பிடித்த இடம் சிவந்திருந்தது. "ஒரு செகண்டு கூட வேற யோசனை பண்ண முடியல. காது, காலு, கை எல்லாம் அதுக்கே வேணும்னுது. பாத்தா பொம்மை மாதிரி இருக்கு. பொம்மை இல்ல அது."

"இல்லதான்" என்றாள் ஐலி.

அவள் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, ஓல்ட்ஸின் பானெட் மேல் விரித்தாள். வெண்டல் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்துத் தாளுக்கு அடியில் போட்டான். ஐலி கார்லிடம் பேனா வாங்கி, "பார்க்க மட்டும்" என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மேலே "ஓட்டத் தெரிந்தவர்களுக்கு" என்று எழுதினாள்.

"என் வண்டிக்கு என்ன எழுதப் போற?" என்று கேட்டான் வெண்டல். அவள் ஏதாவது பழித்து எழுதுவாள் என்று தயாராகித்தான் நின்றான்.

"ஒண்ணும் மாத்த மாட்டேன். ஓட்டி அனுபவிக்கன்னு போட்டிருக்க. சரியாத்தான் போட்டிருக்க. என் வண்டியை விட உன் வண்டி நல்லா ஓடுது, நல்லா நிக்குது, நல்லா வளையுது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

வெண்டலின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! நான் அப்பவே..."

"அதனாலதான் உன்னை மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

படகுத்துறையில் கயிறு உராய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மட்டமான வண்டியா இருந்திருந்தா சும்மா விட்டிருப்பேன், வெண்டல். இவ்வளவு நல்ல வண்டி. உனக்குத் தெரியும், இது எப்படி இருக்கும்னு. தெரிஞ்சேதான் குடுக்கல."

வெண்டல், "இன்னொரு தடவை கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவன், தானே நிறுத்திக்கொண்டான். எத்தனை தடவை கேட்டாள் என்று அவனுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"மன்னிச்சுடுன்னு நான் கேக்கல" என்றான் மெதுவாக. "கேக்கற மூஞ்சி எனக்கு இல்ல."

"நல்லது. அதுவாவது தெரிஞ்சுதே." சாவியை அவன் கையில் வைத்தாள். கூரை மேல் வைக்கவில்லை, கையில் வைத்தாள்.

அவள் ஃபோர்டில் ஏறி, ஸ்டார்ட்டரை மிதித்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த தீப்பொறி நெம்புகோலைக் கீழே இழுத்தபோது, பின்னால் சங்கிலி உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மெர்வ் டிரெய்லரின் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். டோலோரஸ் செவர்லேயின் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, தீர்மானம் போட்டது மறந்து போச்சா?" என்று கேட்டாள் ஐலி.

"நான் கையைப் பாதியிலேயே இறக்கிட்டேன். எண்ணினவங்க பாக்கல" என்றார் மெர்வ்.

இரண்டு வண்டிகளும் முப்பத்தைந்து மைல் வேகத்தில் வீடு திரும்பின.

செப்டம்பர் கூட்டத்தில் தீர்மானத்தை நீக்கலாமா என்று மறுபடி வாக்கெடுத்தார்கள். வெண்டல் நீக்க வேண்டும் என்று கை தூக்கினான். ஐலி அவனுக்கு நன்றி சொல்லவில்லை, அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் நீக்கும் யோசனை ஒரே ஒரு வாக்கில் தோற்றுப்போனது. பாதுகாப்பு, காப்பீடு என்று யாரோ இழுத்தார்கள். தலைவர் என்ற முறையில் வெண்டலே எழுந்து முடிவைப் படிக்க வேண்டியதாயிற்று: நாற்பத்திரண்டுக்கு முந்தின வண்டிகள் டிரெய்லரில்தான் வர வேண்டும், விதி விதிதான்.

"எழுதி வச்சுக்கோங்க. அப்பதானே எதை மீறினோம்னு எங்களுக்கும் தெளிவா தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஐலி இரண்டாவது கப் காப்பி ஊற்றிக்கொள்ளப் போனாள்.

அடுத்த ஆகஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டாத வண்டிகள் நான்கு மலை ஏறின. முன்னால் உரிந்த பச்சை பிக்கப், அடுத்து ஸ்டிமாக் தம்பதியின் செவர்லே, அதற்குப் பின்னால் பக்கத்து ஊரிலிருந்து கேள்விப்பட்டு வந்த இரண்டு பேர். கார்ல் பெல்டோ கொடியோடு நின்றார். இந்தத் தடவை மறிக்கிற பாவனைகூடச் செய்யவில்லை. கொடியை உயர்த்தி, போங்கள் போங்கள் என்று வீசினார்.